மனு கொடுப்பவரின் முகம்

உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு படம் வருகிறது. சாலை மறியல், பள்ளி ஆண்டு விழா, குழாயடியில் வரிசையாகக் காலிக் குடங்கள், இப்படி ஏதோ ஒன்று. காபியோடு பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுவீர்கள். பேப்பர் படிப்பது அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் உங்கள் கைக்கு வர, யாரோ ஒருத்தர் அந்த இடத்துக்கு நேரில் போய் நின்றிருக்க வேண்டும். மதுரையில் அப்படிப் போய் நிற்பதுதான் என் பிழைப்பு. பிலிம் ரோல் காலத்தில் ஆரம்பித்து இன்றுவரை இதே வேலை, இதே ஊர்.

இந்த வேலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் பெரிய நாட்களைத்தான் கேட்கிறார்கள். ஜல்லிக்கட்டு, அழகர், தலைவர்கள் வருகை. அதெல்லாம் வருஷத்தில் கொஞ்ச நாள். மிச்ச நாளெல்லாம் எப்படிப் போகிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

விடிந்ததும் முதல் வேலை மற்ற பேப்பர்களைப் புரட்டுவது. நம்மிடம் இல்லாத நல்ல படம் அடுத்தவரிடம் இருந்தால் எட்டு மணிக்குள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும். பிறகு சீஃப் ரிப்போர்ட்டர் வாட்ஸ்அப்பில் அன்றைய நிகழ்ச்சிகளைப் போடுவார். கலெக்டர் ஆய்வு, கல்லூரிக் கருத்தரங்கு, பழங்காநத்தத்தில் ஆர்ப்பாட்டம், மாநகராட்சிக் கூட்டம். ஒரே நேரத்தில் இரண்டு இருக்கும். ஒன்று ஊரின் இந்தக் கோடி, இன்னொன்று அந்தக் கோடி. எதற்கு முதலில் போவது என்பது பழக்கத்தில் வருவது. மேடை நிகழ்ச்சி எப்படியும் தாமதமாகும். மறியல் காத்திருக்காது, போலீஸ் வந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் மறியலுக்கு முதலில் வண்டியைத் திருப்புவேன்.

பாதி வேலை அந்தப் பட்டியலில் இருக்காது. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் யானைக்கல் பாலம். பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறினால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். வெயில் ஏறினால் நுங்கு, தர்பூசணி. பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குப் பெண்கள் பள்ளி. ரிசல்ட் படம் என்றாலே மாணவிகள் வரிசையாகத் துள்ளிக் குதிப்பது என்று ஆகிவிட்டது. "எல்லாரும் ஒண்ணா குதிங்கம்மா" என்று சொல்லி எடுப்பதில் எனக்கு மனசு ஒப்புவதில்லை. மார்க் தெரிந்த அந்த நிமிஷம் ஒவ்வொரு பிள்ளையும் யாரையாவது தேடும். பெரும்பாலும் போனில் அம்மாவைத் தேடும். எதிர்முனையில் எடுக்கிறவரை காத்திருக்கிறதே, அந்த முகத்தை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு குதிக்கச் சொல்லத் தோன்றாது.

ஆர்ப்பாட்டம் எடுப்பது சுலபம் என்று புதிதாக வரும் தம்பிகள் நினைக்கிறார்கள். பத்து மணி என்று நோட்டீஸ் போட்டால் பதினொன்றுக்கு ஆரம்பிக்கும். பேனர் எழுத்து தெரிய வேண்டும், கோஷம் போடுகிறவரின் வாய் திறந்திருக்க வேண்டும், பின்னால் இருப்பவர்களின் முகத்தைக் கொடிக் கம்பு மறைக்கக் கூடாது. ஏற்பாடு செய்தவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, கூட்டம் தெரியிற மாதிரி எடுங்கண்ணே" என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை, கட்சிக்காரர் கேட்கத்தான் செய்வார். ஆனால் லென்ஸால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். 70-200 லென்ஸை மாட்டி, தூரத்திலிருந்து தாழ்வாக உட்கார்ந்து எடுத்தால் முப்பது பேர் முன்னும் பின்னும் நெருங்கி முந்நூறு பேர் மாதிரித் தெரிவார்கள். பக்கத்துக் கட்டிட மாடியில் ஏறி அகலமான லென்ஸில் எடுத்தால் பெரிய கூட்டமும் ரோட்டில் சிதறிக் கிடப்பது மாதிரி ஆகிவிடும். இரண்டிலும் பொய்ப் படம் ஒன்று கூடக் கிடையாது. பார்க்கிறவர் மட்டும் ஏமாந்துபோவார். முப்பது பேர் வந்திருந்தால் முப்பது பேர் என்று தெரிகிற இடத்தில் நின்றுதான் நான் எடுப்பேன். மறுநாள் அதே ரோட்டோரக் கடையில் டீ குடிக்கப் போகிறவன் நான். நேற்று எத்தனை பேர் நின்றார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

வெளியூரிலிருந்து வந்து எடுத்துவிட்டுப் போகிறவருக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். நாங்கள் எடுத்த ஆட்களோடுதான் நாங்கள் வாழ்கிறோம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். மக்கள் குறைதீர் கூட்டம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் காலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். பட்டா, முதியோர் பென்ஷன், பாதையை மறித்துக் கட்டிய சுவர், மகன் சோறு போடவில்லை. வாசலில் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பார்த்து அனுப்புவார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீக்குளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு ஊரெல்லாம் கேட்ட கேள்வி எங்களைப் பார்த்தும்தான்: படம் எடுத்தவர்கள் தடுத்திருக்கக் கூடாதா?

நேர்மையான கேள்வி. எனக்கு இதில் ஒரே கணக்குதான். கை எட்டுகிற தூரத்தில் நான் இருந்தால் கேமராவைக் கீழே போட வேண்டும். எட்டாத தூரத்தில் இருந்தால், எடுக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படம் இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடந்ததை மறுநாளே லேசாக்கிவிடுவார்கள். திங்கட்கிழமைகளில் பையிலிருந்து கேனை எடுத்த கையைப் போலீஸுக்கு முன்னால் பிடித்த போட்டோகிராபர்களை எனக்குத் தெரியும். அந்தக் காட்சிக்குப் படம் இருக்காது. பிடித்தவர் கையில் கேமரா இல்லையே.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களாக எந்த ஊரானாலும் அரசு நிகழ்ச்சி முடிந்த கையோடு படம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது. கட்சிகள் அனுப்புகின்றன, கல்லூரிகள் அனுப்புகின்றன, கடை திறப்பு விழாவுக்குக் கூட ஆள் வைத்து எடுத்து அனுப்புகிறார்கள். தெளிவான படம், நல்ல வெளிச்சம், செலவு ஒன்றும் கிடையாது. "படம் வந்துருச்சு, நீங்க போக வேண்டாம்" என்று ஆபீஸில் சொல்லிவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம். உள்ளூர்ப் பக்கத்தில் இன்றைக்கு இப்படி வரும் படங்கள் எத்தனை என்று நீங்களே பாருங்கள்.

அதில் ஒரு படத்தை எடுத்துக் கூர்ந்து பாருங்கள். மனு வாங்கும் படம் என்றால் அதிகாரியின் முகம் நேராகத் தெரியும், இரண்டு பக்கமும் நிற்கும் அதிகாரிகள் தெரிவார்கள், மனு கொடுப்பவரின் முதுகு தெரியும். வெளுத்த சட்டை, தோளில் துண்டு, எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை. அவ்வளவுதான். நலத்திட்டம் வழங்கும் படம் என்றால் தையல் மிஷின் தெரியும், கொடுப்பவர் தெரிவார், வாங்குகிற பெண் பாதி வெட்டுப்பட்டிருப்பார். எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரை அனுப்பியதே அதற்குத்தான். அவர் அந்த ஓரத்தில் நின்றார். பத்திரிகை போட்டோகிராபர் மேஜைக்கு இந்தப் பக்கம் சுற்றிவந்து, அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் அந்த அம்மாவின் கண் தெரியும், நாலாக எட்டாக மடித்துக் கசங்கிய காகிதம் தெரியும், பின்னால் வரிசையில் இன்னும் எத்தனை பேர் என்று தெரியும். அந்த மூன்று அடி தூரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

எடுத்தது போதாது. பெயர் கேட்க வேண்டும். ஊர் கேட்க வேண்டும், எத்தனையாவது தடவை வருகிறார் என்று கேட்க வேண்டும். "எதுக்குய்யா பேரு?" என்று பயந்தால் விளக்கிச் சொல்லி, வேண்டாம் என்றால் படத்தைப் போடாமல் விட வேண்டும். பேர் இல்லாமல் "மனு அளிக்க வந்த மூதாட்டி" என்று படக்குறிப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காது.

கஷ்டமான வேலை என்றால் சாவு வீடு. விபத்து, தற்கொலை, ஆற்றில் மூழ்கிய பையன். பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்று பழகிவிட்டது. அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை. வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம். இறந்தவரின் படம் வேண்டும் என்று ரிப்போர்ட்டர் கேட்பார். போனில் அனுப்ப அந்த வீட்டில் யாருக்கும் அப்போது கை ஓடாது. ஒரு தடவை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ரோட்டு விபத்தில் போன பையன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தை ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்தார். சட்டத்துக்குப் பின்னால் சிலந்தி வலை, கண்ணாடியில் குங்குமம். உள்ளே டியூப்லைட்டில் எடுத்தால் கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழும். திண்ணைக்குக் கொண்டுவந்து, நிழலில் சுவரோரம் சாய்த்து, வானம் கண்ணாடியில் தெரியாத கோணம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அவர் குனிந்து சட்டத்தின் கீழ் முனையைப் பிடித்துக்கொண்டார், காற்றில் விழுந்துவிடக் கூடாதென்று. அவர் விரல் படத்துக்குள் வந்தது. விரலை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். முடித்ததும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். "பேப்பர்ல நல்லா வரணும்யா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

படத்தைக் கேட்டு வாங்குவது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, பையில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டும், அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்கக் கூடாது. வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். ஆபீஸில் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் யாரிடம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சட்டம் இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவும் போக்சோ சட்டம் 23-ஆவது பிரிவும் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. பெயரும் முகமும் மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போக்சோவில் பள்ளி, குடும்பம், வீடு இருக்கும் பகுதி எல்லாம் சேர்த்தே சொல்லியிருக்கிறது. உள்ளூர்ப் பேப்பருக்கு இது ரொம்ப முக்கியம். முகத்தை மங்கலாக்கிவிட்டு, பச்சை வாசக் கதவையும் எதிர்த்த பலசரக்குக் கடை போர்டையும் அப்படியே விட்டால் டெல்லியில் இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தெருவுக்கு எல்லாம் தெரியும். பேப்பர் வாங்குவது அந்தத் தெருதானே. அதனால் அந்தத் தெருவுக்கே கேமராவைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. போலீஸ் ஸ்டேஷன் பெயர்ப் பலகை போதும்.

பெரிய நாட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். வாடிவாசலில் காளையின் கண், பிடிக்கிறவரின் முகம், திமிலின் மேல் கை, மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். காளை வெளியே வந்து அது நடக்க ஒரு நொடி, இரண்டு நொடிதான். இன்றைய கேமரா ஒரு நொடியில் பத்துக்கு மேல் எடுத்துவிடும். நிக்கான் எஃப்எம்2-வில் ஒவ்வொரு படத்துக்கும் கட்டை விரலால் லீவரைத் தள்ள வேண்டும், ரோலுக்கு 36 படம். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் இன்றைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க மாட்டார்கள்.

அழகர் வேறு. சித்ரா பௌர்ணமியை ஒட்டி, விடியும் நேரத்தில் ஆற்றில் இறங்குவார். வண்டி எதுவும் போகாது, நள்ளிரவுக்கு மேல் கோரிப்பாளையத்திலிருந்து நடந்துதான் ஆற்றுக்குப் போக வேண்டும். இடத்தைப் பிடித்துவிட்டால் நகர முடியாது. தண்ணீர் குடித்தால் பிறகு சங்கடம் என்று குடிக்கவும் மாட்டோம். சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் தெரிகிற முகங்களை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்வேன். வானம் கருநீலத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும்போது தங்கக் குதிரை வரும். ஃபோகஸ் லைட் மஞ்சள், விடியல் நீலம், குதிரை பளபளப்பு. மூன்றுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடித்தாக வேண்டும். பிலிம் காலத்தில் 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, கழுவும்போது கூடுதல் நேரம் விடுவோம், கருப்பு வெள்ளையில் மணல் மணலாக வரும். இப்போது கேமரா அதைச் சமாளித்துவிடுகிறது. சமாளிக்க முடியாதது தண்ணீர். தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிறவர்கள் நம் கேமராவைப் பார்த்துப் பீய்ச்ச மாட்டார்கள். பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டால் லென்ஸில் கட்டி, முன்கண்ணாடியைத் துடைக்கப் பனியனுக்குள் ஒரு காய்ந்த துணி. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்பது முதல் பக்கத்தில் தெரிய வேண்டும், ஊரே அதைத்தான் கேட்கும்.

2020-ல் ஊரடங்கில் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. வெறும் வைகையை எடுத்தோம், ஆள் இல்லாத மாசி வீதிகளை எடுத்தோம். 2022-ல் மக்கள் திரும்ப வந்தார்கள். நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அன்றைக்குக் காலையில் எடுத்த அழகர் படமும், ஆம்புலன்ஸ் வழி கேட்டு நின்ற படமும் ஒரே மெமரி கார்டில் இருந்தன.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1955-ஆம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் யாரெல்லாம் பத்திரிகையாளர் என்று பட்டியல் போட்டபோது ஆசிரியர், நிருபர், கேலிச்சித்திரக்காரர் வரிசையில் செய்திப் புகைப்படக்காரரையும் சேர்த்தது. நிருபருக்குச் சமமான ஆள் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள். நடைமுறையில் சின்ன ஊர்களில் எங்கள் தம்பிகள் பலர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். கேமரா சொந்தம், பைக் சொந்தம், பெட்ரோல் சொந்தம். கல்யாண சீசனில் வீடியோ வேலைக்குப் போய்த்தான் லென்ஸ் கடனை அடைக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கிடையாது. காளை தடுப்பைத் தாண்டிக் குதித்தாலும், மறியலில் கல் விழுந்தாலும், உடைந்தது அவர்கள் வீட்டுப் பணம். இது அநியாயம். படம் வேண்டும் என்கிற பத்திரிகை எடுக்கிறவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பழைய நாட்களில் ராமநாதபுரத்து நண்பர்கள் ரோலைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். மாட்டுத்தாவணியில் நான் போய் வாங்குவேன். தேனிக் கவர் என்றால் ஆரப்பாளையம். அந்த நெகட்டிவ் எல்லாம் உறையில் தேதி எழுதி வைத்திருந்தோம். ஆபீஸ் இடம் மாறும்போது பழைய அலமாரிகளோடு எத்தனையோ ஊர்களில் அவை எடைக்குப் போயின. டிஜிட்டலில் அதைவிட மோசம். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் திறக்காது, அவ்வளவுதான். சட்டம் ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது: 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் போடாதவரை, வேலையில் எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு, மற்றபடி எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதனால் தம்பிகளே, நல்ல படங்களை ஊர், தேதி, பெயரோடு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். தமுக்கத்தில் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இன்றைக்குக் குழந்தை குட்டியோடு இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் வந்து "அண்ணே, அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். உங்கள் பேப்பரில் உள்ளூர்ப் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வாரக்கணக்கில் வந்துகொண்டிருப்பதெல்லாம் யாரோ அனுப்பிவைத்த படம்தான் என்று தெரிந்தால், ஆசிரியருக்கு ஒரு கடிதமோ போனோ போட்டு "உங்க ஆளு யாரும் நேர்ல போகலையா?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டால் செலவுக் கணக்குச் சொல்வார்கள். வாசகர் கேட்டால் ஆள் அனுப்புவார்கள்.